பள்ளிக்கூடத்துத் தின்பண்டமும் பகுத்தறிவும்

பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு எதை விற்கலாம், எதை விற்கக்கூடாது என்பதற்கு இந்நாட்டில் சட்டமே இல்லை என்று அநேகர் நினைத்துக் கொண்டிருக்கிறார்கள். இருக்கிறது. இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2020ஆம் வருஷம் செப்டம்பரில் வெளியிட்ட விதிகள் 2021 ஜூலை 1ந் தேதி முதல் அமுலில் இருந்து வருகின்றன. கெட்ட கொழுப்பும், சேர்த்த சர்க்கரையும், உப்பும் மிகுந்த பண்டங்களைப் பள்ளிச் சிற்றுண்டிச் சாலையிலோ, விடுதியிலோ, பள்ளி வாசலிலிருந்து 50 மீட்டருக்குள்ளோ விற்கக்கூடாது, விளம்பரமும் செய்யக்கூடாது, இதை ஒரு பலகையில் எழுதி வாசலில் வைக்கவும் வேண்டும் என்பது அவ்விதி.

இவ்விதியில் நாம் மெச்சுவது ஒன்றுண்டு. அது பண்டத்திற்குள் என்ன இருக்கிறது என்று பார்க்கிறதே தவிர, அதன் பெயரையும் பெருமையையும் பார்ப்பதில்லை. மனிதனைப் பிறப்பைக் கொண்டு மதிக்காதே, அவனுடைய யோக்கியதையைக் கொண்டு மதி என்று நாம் சொல்லி வருவதும் இந்த நியாயந்தானே! ஆனால் நமது மக்கள் சோற்றிலும் பிறப்பையே பார்க்கிறார்கள்.

ஒரு டப்பாவின் மேல் "ஆரோக்கிய பானம்" என்று போட்டுவிட்டால், அரை வயிற்றுக் கஞ்சி குடிக்கும் தாயும் கடன் வாங்கி அதை வாங்குகிறாள். அப்படி ஒரு வகை பானம் உணவுச் சட்டத்திலேயே கிடையாது என்று 2024 ஏப்ரலில் இந்திய சர்க்காரே சொல்லி, இணைய வியாபாரிகள் அத்தலைப்பின் கீழ் பானங்களைக் காட்டக்கூடாதென்று அறிவுறுத்திற்று. புரோகிதன் மறு உலகத்தில் மோட்சம் தருவதாகச் சொல்லிக் காசு பறிக்கிறான்; இவர்கள் இவ்வுலகத்திலேயே உயரமும் புத்தியும் தருவதாகச் சொல்லிப் பறிக்கிறார்கள். இதைத் தவிர வேறு வித்தியாசம் என்ன?

300 மில்லி கோலா பானத்தில் ஏறக்குறைய 30 கிராம் சர்க்கரை இருக்கிறது. பெரியவர்களுக்கே நாளொன்றுக்குச் சுமார் 25 கிராமுக்குள் இருப்பது மேலும் நல்லது என்பது உலக சுகாதார நிறுவனம் 2015இல் சொன்ன கணக்கு. அப்படியிருக்க, ஒரு சிறு பிள்ளை ஒரே மூச்சில் குடிப்பது என்னவென்று யோசித்துப் பாருங்கள்.

வாசலில் வேகவைத்த கடலையும் கொய்யாப் பழமும் விற்கும் கிழவியைத் துரத்திவிட்டு, உள்ளே பளபளப்பான பொட்டலத்தில் உப்பும் எண்ணெயும் விற்பதற்குச் "சுத்தம்" என்று பெயர் வைக்கிறார்கள். அக்கிழவியே காய்ந்த எண்ணெயில் திரும்பத் திரும்பச் சுட்ட வடையை விற்றால் அதையும் தடுக்க வேண்டியதுதான். ஏழை என்பதற்காக விடவும் வேண்டாம். ஏழை என்பதற்காகத் துரத்தவும் வேண்டாம்.

இனி வைதீகர்களின் சங்கதியைப் பார்ப்போம். முட்டை ஒன்றில் சுமார் 6 கிராம் புரதம் இருக்கிறது. ஆயினும் 2015இல் மத்தியப் பிரதேசத்தில் அங்கன்வாடிக் குழந்தைகளுக்கு முட்டை கொடுக்க அப்போதைய முதல் மந்திரி மறுத்தார். 2021இல் கருநாடகத்துப் பள்ளிகளில் முட்டை கொடுக்கப்பட்டபோது மடாதிபதிகள் கிளர்ச்சிக்குக் கிளம்பினார்கள். சர்க்கரைத் தண்ணீரைக் கண்டு கிளம்பாத ஆச்சாரம், ஏழைக் குழந்தையின் முட்டையைக் கண்டு மட்டும் ஏன் கிளம்புகிறது? வேண்டாமென்கிற பிள்ளைக்குப் பழமோ வேறெதுவோ கொடுக்கட்டும். வேண்டுமென்கிற பிள்ளையின் தட்டில் கைவைக்க இவர்கள் யார்?

பலகை தொங்கவிட்டதோடு கடமை தீர்ந்துவிடாது. குடிக்க நல்ல தண்ணீர் இல்லாத பள்ளிக்கூடத்தில் பிள்ளை வர்ணத் தண்ணீரை வாங்காமல் என்ன செய்யும்? 1920இல் நீதிக்கட்சியார் சென்னை நகரசபைப் பள்ளியில் பகலுணவு போட்டதும், 2022இல் தமிழ்நாட்டில் காலைச் சிற்றுண்டி துவக்கப்பட்டதும், பசியோடு படிப்பு ஏறாது என்பதற்காகவே. நல்லதைக் கொடுத்துவிட்டுக் கெட்டதைத் தடுப்பதுதான் அறிவுடைமை.

மற்றொன்று. பொட்டலத்தின் பின்பக்கம் சர்க்கரை எவ்வளவு, கொழுப்பு எவ்வளவு என்று பொடி எழுத்தில் அச்சிட்டிருக்கிறது. அது இங்கிலீஷிலோ, தேவநாகரி எழுத்தில் ஹிந்தியிலோ இருந்தால் போதுமென்பது சட்டம். தமிழில் போட்டாக வேண்டுமென்ற கட்டாயமில்லை. தமிழ்த் தாய்மார்கள் படிக்க முடியாத எச்சரிக்கை யாருக்கு எச்சரிக்கை? அந்தணன் மட்டும் அறிந்த மந்திரத்திற்கும் இதற்கும் பேதமென்ன?

ஆகவே, பெற்றோர்கள் தங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்திற்குப் போய், பலகை எங்கே, குடிதண்ணீர் எங்கே, உள்ளே விற்பது என்ன என்று உபாத்தியாயர்களைக் கேட்க வேண்டும். கணக்கைத் தமிழில் அச்சிடும்படி சர்க்காரைக் கேட்க வேண்டும். கேளாமல் ஏற்பது பக்தனுக்கு அழகாயிருக்கலாம். பிள்ளை பெற்றவர்களுக்கு அது அழகல்ல என்பதே நமது அபிப்பிராயம்.