பச்சடியை யார் கிளறுவது?

தீபாவளியைக் கொண்டாட நாம் அதிகம் மெனக்கெட வேண்டியதில்லை. பள்ளிக்கு விடுமுறை கிடைக்கிறது. கடைத்தெருவெல்லாம் விளக்கு எரிகிறது. வானொலியில் நாள் முழுவதும் வாழ்த்து ஒலிக்கிறது. நாம் சும்மா இருந்தாலும் தீபாவளி நம்மை இழுத்துக்கொண்டு போய்விடும். சித்திரைப் புத்தாண்டின் நிலை அப்படியன்று. தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் அதற்கு அரசு விடுமுறை உண்டு. மலேசியாவிலோ ஏப்ரல் 14 பொது விடுமுறை நாள் அன்று. வார நாளில் வந்தால் வழக்கம்போல் பள்ளி மணி அடித்துவிடும். ஆகவே, அந்த நாள் ஒரு வீட்டில் கொண்டாடப்படுமா இல்லையா என்பதை நாட்காட்டி முடிவு செய்வதில்லை. அவ்வீட்டார்தாம் முடிவு செய்கின்றனர்.

பிள்ளைகள் சிறியவர்களாக இருக்கும்வரை இதில் சிக்கல் எழுவதில்லை. அவர்கள் பதின்ம வயதை எட்டியதும்தான் பேச்சு மாறுகிறது. “பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள், இனி யாருக்காகச் செய்வது?” என்கிறார் அம்மா. “ஒவ்வோர் ஆண்டும் இதே கதைதான்” என்று கைப்பேசியிலிருந்து கண்ணை எடுக்காமலேயே மகன் சொல்கிறான். இருவரும் சேர்ந்தே அந்த நாளைக் கைவிடுகின்றனர். ஆனால், பழியை ஒருவர் மீது மற்றவர் போடுகின்றனர்.

என் கருத்து வேறு. பிள்ளை வளர்ந்ததால் வழக்கம் சலிப்பதில்லை. பிள்ளை வளர்ந்த பிறகும் அந்த வழக்கத்தில் அவனுக்குரிய இடம் வளராமல் நிற்பதால்தான் சலிக்கிறது.

கனி காணுதலை எடுத்துக்கொள்வோம். புத்தாண்டின் முதல்நாள் இரவில் பெரிய தாம்பாளத்தில் மா, பலா, வாழை ஆகிய பழங்களையும் வெற்றிலை பாக்கையும் பூவையும் நகையையும் பணத்தையும் அடுக்கிப் பின்னால் ஒரு கண்ணாடியை நிறுத்தி வைப்பார்கள். விடிந்ததும் முதலில் அதைத்தான் பார்க்க வேண்டும். மலையாளிகளின் விஷுவிலும் தமிழ்நாட்டின் தென்பகுதியிலும் கொங்குப் பகுதியிலும் உள்ள இவ்வழக்கத்தை நம் நாட்டிலும் பல குடும்பங்கள் கடைப்பிடிக்கின்றன. தூக்கம் கலையாத குழந்தையின் கண்களைப் பொத்திக்கொண்டு நடத்திவந்து, தாம்பாளத்தின் முன் நிறுத்திக் கையை விலக்குவார்கள். ஐந்து வயதில் அது மாயாஜாலம். பதினைந்து வயதுப் பையனின் கண்ணைப் பொத்தி அழைத்து வந்தால் அவன் நெளியத்தான் செய்வான். தாம்பாளத்தில் என்ன இருக்கும் என்பது அவனுக்குத் தெரியும்.

அந்த வயதில் அவனுக்கு உரிய இடம் பொத்தப்படும் கண்ணன்று, பொத்தும் கை. இரவு பதினொரு மணிக்கு, மற்றவர்கள் உறங்கிய பிறகு, அக்காவும் தம்பியும் சேர்ந்து கண்ணாடி எங்கே நின்றால் விளக்கொளி அதில் விழும் என்று பார்த்துப் பார்த்துத் தாம்பாளத்தை அடுக்கட்டும். விடியற்காலையில் கடைக்குட்டியையும் பாட்டியையும் அவர்களே எழுப்பி அழைத்து வரட்டும். வியப்பது ஓர் இன்பம். பிறரை வியக்க வைப்பது வேறோர் இன்பம். முன்னது குழந்தைக்கு உரியது. பின்னதன் சுவை சற்று வளர்ந்தால்தான் தெரியும்.

இது என் கண்டுபிடிப்பு ஒன்றுமில்லை. யாழ்ப்பாணத்துச் சித்திரைப் புத்தாண்டைப் பாருங்கள். விடிந்ததும் வீட்டின் மூத்தவர் எல்லாருடைய தலையிலும் மருத்துநீர் வைக்க, அதன்பின் நீராடுவார்கள். சிறுவர்களுக்கு ஊஞ்சல் இருக்கிறது. இளைஞர்களுக்குப் போர்த்தேங்காய் இருக்கிறது. கெட்டியான ஓடுள்ள தேங்காயைத் தேடிப் பிடித்து, எதிராளியின் தேங்காய் மீது ஓங்கி அடிப்பார்கள். எவருடைய தேங்காய் உடைகிறதோ அவர் தோற்றார். நல்ல தேங்காயைத் தேர்ந்தெடுப்பதே தனிக் கலை. நல்ல நேரம் பார்த்துச் சின்னவர்களின் கையில் பணம் கொடுக்கும் கைவிசேடம் பெரியவர்களுக்கு உரியது. இப்படி ஒரே நாளுக்குள் ஒவ்வொரு வயதுக்கும் ஒரு வேலை, ஒரு விளையாட்டு. தமிழ்நாட்டுச் சிற்றூர்களிலும் சித்திரையில் பொன்னேர் பூட்டி ஆண்டின் முதல் உழவைத் தொடங்கும்போது வளர்ந்த பிள்ளைகள் வேடிக்கை பார்த்துக்கொண்டு நிற்பதில்லை. ஏரைப் பிடிக்கும் முறை அவர்களுக்கும் வரும். அண்டை நாடான தாய்லாந்தில் ஏறத்தாழ அதே நாளில் வரும் சொங்கிரானும் அத்தகையதே. சங்கராந்தி என்ற சொல்லிலிருந்து பிறந்த பெயர் அது. பெரியவர்களின் கைகளில் நறுமண நீர் ஊற்றி வாழ்த்துப் பெறும் அமைதியான சடங்கும் அதில் உண்டு. தெருவே நனையும் இளைஞர் ஆட்டமும் உண்டு. யுனெஸ்கோ 2023இல் அதை மரபுப் பட்டியலில் சேர்த்தது.

மேரு, காப்பார் வட்டாரத்தில் தோட்டங்கள் இருந்த காலத்தில் நமக்கும் இதற்குப் பஞ்சமிருக்கவில்லை. லயத்து வீடுகள் ஒன்றையொன்று ஒட்டி நின்றன. கோயில் எல்லாருக்கும் பொது. மாவிலை பறிக்கவும் தோரணம் கட்டவும் தண்ணீர் சுமக்கவும் வளர்ந்த பிள்ளைகள் தேவைப்பட்டார்கள். பல தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறிவிட்டன. இன்று இரும்புக் கதவுக்குப் பின்னால் ஒரு குடும்பம் மட்டும். எல்லா வேலையையும் அம்மா ஒருவரே முடித்துவிட, மற்றவர்கள் சாப்பிட மட்டும் வருகின்றனர். வேலையில்லாத விருந்தாளிக்கு விழா சலிக்காமல் என்ன செய்யும்?

“பிள்ளைகளிடம் விட்டால் முறை கெட்டுவிடும்” என்று சில பெற்றோர் தயங்குவது எனக்குப் புரிகிறது. கோலம் கோணலாகலாம். தோரணத்தின் மாவிலை தலைகீழாகத் தொங்கலாம். தொங்கட்டுமே! அடுத்த ஆண்டு சரியாகிவிடும். முறை பிசகாமல் அம்மாவே எல்லாவற்றையும் செய்துகொண்டிருந்தால், அவருக்கு முடியாமல் போகும் ஆண்டில் அந்த முறையை அறிந்தவர் ஒருவரும் வீட்டில் இருக்கமாட்டார். எஸ்.பி.எம். தேர்வைக் காரணம் காட்டுவோரும் உளர். தாம்பாளம் அடுக்க ஆகும் அரைமணி நேரத்தால் எவருடைய தேர்ச்சியும் குறையப்போவதில்லை. ஆனால், நாள் முழுவதும் கட்டாயப்படுத்தி உட்கார வைப்பதை நானும் ஏற்கமாட்டேன். காலையில் கனி, இரவில் ஒரு வேளைச் சாப்பாடு ஆகிய இரண்டிலும் எல்லாரும் இருக்க வேண்டும். மற்றவை அவரவர் விருப்பம். (புத்தாண்டு தையிலா சித்திரையிலா என்ற வாதத்தை இங்கே இழுக்க வேண்டாம், தைப்பொங்கலை மட்டும் கொண்டாடும் வீட்டுக்கும் இதே பேச்சு பொருந்தும்.)

கொடுக்கும் வேலை மெய்யான வேலையாக இருக்க வேண்டும். “இந்தத் தட்டைப் பிடி” என்பது வேலையன்று. ஐம்பது ரிங்கிட்டைக் கையில் கொடுத்து, கிள்ளான் ஜாலான் தெங்கு கிளானாவில் பூவும் பழமும் வெற்றிலையும் வாங்கி வரச் சொல்வது வேலை. எந்த மாங்காய் புளிக்கும், வெற்றிலையை எப்படிப் பார்த்து வாங்குவது, கடைக்காரர் சொன்ன விலையைக் கேட்டு எப்போது நகர்ந்து போவது என்பதையெல்லாம் அந்த ஒரு மணி நேரம் கற்றுக்கொடுத்துவிடும். சம்பளம் வாங்கத் தொடங்கிய அண்ணன், அது ஐந்து ரிங்கிட்டாக இருந்தாலும், தம்பி தங்கையருக்குக் கைவிசேடம் கொடுக்கட்டும். வாங்கிய கை கொடுக்கும் கையாக மாறும் அந்த நாளை அவன் மறக்கமாட்டான்.

விடுதியில் தங்கிப் படிக்கும் பிள்ளை புத்தாண்டன்று வீட்டுக்கு வர இயலாது. அதற்காக அந்த ஆண்டின் விருந்தை அடுத்து வரும் சனிக்கிழமைக்குத் தள்ளிவைப்பதில் தவறேதும் இல்லை என்றே நினைக்கிறேன். கனியை உரிய நாளில் காண்போம், பச்சடி காத்திருக்கலாம். மாங்காயின் புளிப்பும் வெல்லத்தின் இனிப்பும் வேப்பம்பூவின் கசப்பும் உப்பும் மிளகாயும் சேரும் அந்தப் பச்சடியை இம்முறை அவளே கிளறட்டும். வெல்லத்தைக் கூட்டுவதா வேப்பம்பூவைக் கூட்டுவதா என்பதையும் அவளே தீர்மானிக்கட்டும். கசப்பு தூக்கலாகிவிட்டதென்று அப்பா முகம் சுளித்தால், அடுத்த ஆண்டு அவர் கரண்டியைப் பிடித்துப் பார்க்கலாம்.