சோப்பு செய்யும் வீட்டில் தராசு எங்கே?

சோப்பு செய்ய வாசனை வேண்டியதில்லை. வண்ணம் வேண்டியதில்லை. ரோஜாப்பூ வடிவில் அச்சும் வேண்டியதில்லை. எண்ணெய் வேண்டும். தண்ணீர் வேண்டும். காஸ்டிக் சோடா வேண்டும். இந்த மூன்றும் இருந்தால் குளிக்கும் சோப்பு தயார். மூன்றில் ஒன்று குறைந்தாலும் சோப்பு இல்லை.

ஆனால் இன்று ஊருக்கு ஊர் நடக்கும் சோப்புப் பயிற்சிகள் பலவற்றில் எதை முதலில் சொல்லிக் கொடுக்கிறார்கள்? வாசனையை! அடுத்தது வண்ணம். அதற்கும் அடுத்தது அச்சு. காஸ்டிக் சோடாவைப் பற்றி, "கொஞ்சம் ஜாக்கிரதையாக இருங்கள், அம்மா" என்று ஒரு வரி. அதோடு சரி.

இது தலைகீழான பாடம்.

வீட்டில் சோப்பு செய்யக் கற்பது நல்ல காரியம்தான். பெண்களும் கற்கலாம். ஆண்களும் கற்கலாம். வேண்டாம் என்று தடுப்பதற்கு ஒன்றும் இல்லை. ஆனால் காரத்தையும் தராசையும் முதல் பாடமாக வைக்காத பயிற்சி, பயிற்சியே அல்ல. அடுப்பு பற்ற வைக்கத் தெரியாதவருக்குப் பாயசம் வைக்கச் சொல்லிக் கொடுப்பது போன்றது அது.

காரம் எங்கே போகிறது?

"காஸ்டிக் சோடாவா! அதையா பிள்ளைகள் உடம்பில் தேய்ப்பது?" என்று வீட்டில் உள்ள பெரியவர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி.

எண்ணெயும் காரமும் சேர்ந்தால் இரண்டும் மாறிப்போகின்றன. எண்ணெய் எண்ணெயாக இருப்பதில்லை. காரம் காரமாக இருப்பதில்லை. இரண்டும் சேர்ந்து சோப்பாகவும் கிளிசரினாகவும் ஆகிவிடுகின்றன. சிரியா நாட்டின் அலெப்போ நகரத்திலும், பிரான்சு நாட்டின் மார்சேல் நகரத்திலும் நூற்றாண்டுக் கணக்கில் ஆலிவ் எண்ணெயில் சோப்பு செய்து வந்தார்கள். ஆனால் உள்ளே நடப்பது என்ன என்று அவர்களுக்குத் தெரியாது. எல்லாம் கைப்பழக்கம்! கொழுப்பு எதனால் ஆனது, அது எப்படிச் சோப்பாகிறது என்பதை ஆராய்ந்து சொன்னவர் செவ்ரல் என்ற பிரெஞ்சு விஞ்ஞானி. அவருடைய நூல் 1823-ல் வெளிவந்தது. மனிதர் 102 வயது வரை வாழ்ந்தார்!

ஆகவே, சரியாக அளந்து செய்த சோப்பில் காஸ்டிக் சோடா மிஞ்சுவதில்லை. அதே சமயம், "காரமே சேர்க்காமல் செய்த சோப்பு" என்று யாராவது சொன்னால் அதையும் அப்படியே நம்பிவிட வேண்டாம். கடையில் விற்கும் சோப்புக் கட்டியை வாங்கி, உருக்கி, அச்சில் ஊற்றும் முறை ஒன்று உண்டு. அதில் வீட்டில் யாரும் காரத்தைத் தொடுவதில்லை. பள்ளிக்கூடப் பிள்ளைகள் செய்து பார்க்க அதுவே ஏற்றது. ஆனால் அந்தக் கட்டியைத் தயாரித்த ஆலையில் யாரோ ஒருவர் காரத்தைத் தொட்டிருக்கிறார். இலங்கைத் தமிழர்கள் இன்றும் சோப்பைச் சவர்க்காரம் என்றே சொல்கிறார்கள். பெயரிலேயே காரம் இருக்கிறது!

மூன்று சோடாக்கள்

பெயரால் வரும் குழப்பம் வேறு இருக்கிறது. சமையல் சோடா ஆப்பத்துக்கும் போண்டாவுக்கும் போடுவது. சலவைச் சோடா துணி வெளுப்பது. காஸ்டிக் சோடா மூன்றாவது. மூன்றும் வெள்ளை. மூன்றுக்கும் பெயர் சோடா. ஆனால் குணம் ஒன்றல்ல. முதலாவதை வயிற்றுக்குள் விடலாம். மூன்றாவது வயிற்றுக்குப் போகும் வழியையே வேகவைத்துவிடும்!

காஸ்டிக் சோடா கரைசல் விரலில் பட்டால் வழவழவென்று இருக்கும். அந்த வழவழப்பு எதனால் தெரியுமா? தோலில் உள்ள கொழுப்பே சோப்பாக மாறத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். சில சமயம் எரிச்சல் உடனே தெரியாது. தெரியும்போது புண்ணாகியிருக்கும். கண்ணில் பட்டால் பார்வையே போகலாம்.

இந்தச் சரக்கு கடையில் எப்படி இருக்கும்? சிறு சிறு வெள்ளை மணிகளாக, ஜவ்வரிசியைப் போல இருக்கும். அல்லது வெள்ளைச் சில்லுகளாக இருக்கும். குழந்தையின் கண்ணுக்கு அது கல்கண்டு.

ஒரு டாக்டரின் போராட்டம்

இது வெறும் பயமுறுத்தல் அல்ல. அமெரிக்காவில் நடந்த கதை.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்த நாட்டு வீடுகளில் காஸ்டிக் சோடா டப்பா சாதாரணமாகக் கிடந்தது. சோப்பு செய்யவும், அழுக்கைப் போக்கவும் வாங்கி வைத்தார்கள். குழந்தைகள் அதைச் சர்க்கரை என்று எண்ணி வாயில் போட்டார்கள். பிழைத்த குழந்தைகளின் உணவுக் குழாய் வெந்து, தழும்பாகி, சுருங்கிப் போயிற்று. சோறு இறங்கவில்லை. பிறகு தண்ணீரும் இறங்கவில்லை.

ஷெவாலியர் ஜாக்சன் என்ற டாக்டர் இந்தக் குழந்தைகளுக்கு வைத்தியம் பார்த்தார். தொண்டையிலும் நுரையீரலிலும் சிக்கிய பொருள்களை அறுவையில்லாமல் குழாய் விட்டு எடுப்பதில் கைதேர்ந்தவர் அவர். ஊக்கு, காசு, பொத்தான் என்று அவர் எடுத்துச் சேர்த்த 2,374 பொருள்கள் பிலடெல்பியா நகரத்துக் காட்சிச் சாலை ஒன்றில் இருக்கின்றன.

காரத்தை விழுங்கிய ஏழைச் சிறுமி ஒருத்தியைப் பற்றி அவர் தம் வாழ்க்கை வரலாற்றில் எழுதியிருக்கிறார். தண்ணீர் கூட விழுங்க முடியாமல் வந்தவள் அவள். குழாய் விட்டு அடைப்பை எடுத்த பிறகு ஒரு தம்ளர் தண்ணீர் குடித்தாள். தண்ணீர் உள்ளே இறங்கியது. அந்தச் சிறுமி பேசவில்லை. டாக்டரின் கையைப் பிடித்து முத்தமிட்டாள்!

வைத்தியம் பார்ப்பதோடு டாக்டர் நிற்கவில்லை. டப்பாவின் மேல் "விஷம்" என்று அச்சிட வேண்டும், விழுங்கினால் என்ன செய்வது என்றும் எழுத வேண்டும் என்று பல ஆண்டுகள் போராடினார். 1927-ல் அமெரிக்கா அதற்குச் சட்டம் செய்தது.

நம் வீடுகளில் என்ன நடக்கிறது? பொட்டலமாக வாங்கிவந்த காஸ்டிக் சோடா, பழைய ஊறுகாய் ஜாடிக்குள் போகிறது. ஜாடி சமையலறை அலமாரிக்குப் போகிறது. மேலே பெயர் இல்லை. ஒரு துண்டுக் காகிதத்தில் "விஷம்" என்று எழுதி ஒட்ட எவ்வளவு நேரம் ஆகும்? படிக்கத் தெரிந்தவருக்கு எழுத்து காவல். படிக்கத் தெரியாத குழந்தைக்கு? பூட்டுத்தான் காவல்! இறுக மூடிய பிளாஸ்டிக் டப்பாவில், சமையலறைக்கு வெளியே, உயரத்தில், பூட்டி வைக்க வேண்டும்.

யாராவது விழுங்கிவிட்டால் புளியைக் கரைத்துக் கொடுத்து வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. உள்ளே போகும்போது சுட்ட காரம், வெளியே வரும்போது மறுபடியும் சுடும். வாயைக் கொப்பளிக்கச் செய்து, உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். கண்ணில் பட்டால் 20 நிமிஷமாவது சுத்தமான தண்ணீரை ஊற்றிக் கழுவிக்கொண்டே இருக்க வேண்டும். பிறகு ஆஸ்பத்திரி. எலுமிச்சம்பழம், வினிகர் என்று கைவைத்தியம் எதுவும் வேண்டாம்.

"தம்ளரால் அளக்கலாமா, அக்கா?"

பயிற்சிக்கு வரும் பெண்கள் கேட்கும் கேள்வி இது. இட்லிக்கு அரிசி போடுகிற கை அப்படித்தான் கேட்கும். ஆனால் இது இட்லி அல்ல. தம்ளர் கூடாது. தராசுதான் வேண்டும்.

ஒவ்வோர் எண்ணெய்க்கும் ஒவ்வொரு பசி. 500 கிராம் தேங்காய் எண்ணெய் முழுவதும் சோப்பாக மாற, சுமார் 91 கிராம் காஸ்டிக் சோடா பிடிக்கும். அதே 500 கிராம் நல்லெண்ணெய்க்குச் சுமார் 67 கிராம் போதும். தேங்காய் எண்ணெய்க் கணக்கை எழுதி வைத்துக்கொண்டு, வீட்டில் இருக்கிறதே என்று நல்லெண்ணெயை ஊற்றினால் என்ன ஆகும்? 24 கிராம் காரம் வேலையில்லாமல் சோப்புக்குள் உட்கார்ந்திருக்கும். அதைத்தான் குழந்தையின் முதுகில் தேய்க்க வேண்டியிருக்கும்!

இன்னொரு மோசமும் நடக்கிறது. 500 மில்லி எண்ணெயை 500 கிராம் என்று எண்ணிக்கொள்கிறார்கள். 500 மில்லி தேங்காய் எண்ணெய் சுமார் 460 கிராம்தான் நிற்கும். எண்ணெயையும் நிறுக்கத்தான் வேண்டும். தண்ணீரையும் நிறுத்துவிடுவது நல்லது.

விவரம் தெரிந்தவர்கள் காரத்தை நூற்றுக்கு 5 பங்கு குறைத்தே போடுவார்கள். கொஞ்சம் எண்ணெய் மாறாமல் மிஞ்சும். தோலுக்கு அது இதம். உதாரணமாகத் தேங்காய் எண்ணெய் 300 கிராம், நல்லெண்ணெய் 150 கிராம், விளக்கெண்ணெய் 50 கிராம் என்று கலந்தால், 77 கிராம் காஸ்டிக் சோடாவும் 170 கிராம் தண்ணீரும் சரியாக இருக்கும். எண்ணெயில் எதை மாற்றினாலும் கணக்கை மறுபடி போட வேண்டும். சாக்கடை அடைப்பு நீக்க விற்கும் பொடியை இதற்கு வாங்கக் கூடாது. அதில் வேறு சரக்கும் கலந்திருக்கலாம்.

அலுமினியம் ஆகாது

அலுமினியப் பாத்திரத்தைக் காரம் அரித்துவிடும். அப்போது தீப்பற்றக்கூடிய வாயுவும் கிளம்பும். எவர்சில்வர் பாத்திரம் எடுக்கலாம். சூடு தாங்கும் கனமான பிளாஸ்டிக்கும் எடுக்கலாம். கண்ணாடிப் பாத்திரம் விரிசல் விடும். எதை எடுத்தாலும் அது சோப்புக்கென்றே இருக்க வேண்டும். மறுநாள் அதில் சாம்பார் வைக்கக் கூடாது.

தண்ணீரில்தான் காரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும். காரத்தின் மேல் தண்ணீரை ஊற்றினால் பொங்கித் தெறிக்கும். அடுப்பே இல்லாமல் அந்தத் தண்ணீர் 80, 90 டிகிரி வரை சூடாகும்! ஆவி மூக்கை எரிக்கும். ஆகையால் காற்றோட்டமான இடம் வேண்டும். கையுறை வேண்டும். பக்கமும் மூடிய கண்ணாடி கண்டிப்பாக வேண்டும். குழந்தைகளும் பூனையும் அந்தப் பக்கமே வரக் கூடாது.

சூடு ஆறியதும் காரத் தண்ணீரை எண்ணெயில் ஊற்றிக் கலக்க வேண்டும். தோசை மாவுப் பதம் வரும். கரண்டியால் மேலே ஊற்றினால் கோடு விழுந்து நிற்கும். அப்போது அச்சில் ஊற்றலாம்.

மஞ்சள் போட விரும்புகிறவர்கள் ஒரு வேடிக்கையைப் பார்ப்பார்கள். மஞ்சள் சிவந்துவிடும்! ஆரத்தித் தட்டில் மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்து சிவக்கிறதே, அதே விஷயந்தான். சுண்ணாம்பும் காரம், இதுவும் காரம். சோப்பு கெட்டுவிட்டதோ என்று பயப்பட வேண்டாம்.

குப்பைமேனி போட்டால் படை போகும், வேப்பெண்ணெய் போட்டால் சொறி போகும் என்றெல்லாம் சொல்லி விற்பது மட்டும் சரியல்ல. இரண்டு நிமிஷம் நுரைத்துக் கழுவிவிடும் பொருள் அது. சோப்பின் வேலை அழுக்கைப் போக்குவது. அந்த வேலையை ஒழுங்காகச் செய்தால் போதாதா?

லாபம் எவ்வளவு?

வீட்டுச் சோப்பு மலிவு என்பதும் முழு உண்மை அல்ல. ஆலைக்காரர் எண்ணெயை டன் கணக்கில் வாங்குகிறார். சோப்பிலிருந்து கிளிசரினைப் பிரித்து அதையும் காசாக்குகிறார். வீட்டில் செய்பவர் கடைவிலைக்கு எண்ணெய் வாங்குகிறார். விலையில் ஆலையோடு போட்டி போட முடியாது. ஆனால் வீட்டுச் சோப்பில் கிளிசரின் அப்படியே தங்கிவிடுகிறது. உள்ளே என்ன போட்டோம் என்பதும் தெரிகிறது. அந்தத் திருப்திக்காகச் செய்யலாம். தேர்ச்சி பெற்ற பிறகு தொழிலாகவும் செய்யலாம்.

தொழில் என்றால் சட்டம் உண்டு. குளிக்கும் சோப்பு செய்து விற்க, 2020-ம் ஆண்டின் அழகுசாதன விதிகளின்படி லைசென்சு வாங்க வேண்டும். "ஒரே நாள் பயிற்சி, மறுநாளே வருமானம்" என்று பணம் வாங்குகிறவர்கள் இதைச் சொல்வதில்லை. நகையை அடகு வைத்து எண்ணெயும் அச்சும் வாங்கிப் போட்ட பிறகு இதைக் கேள்விப்படும் பெண்ணின் கதி என்ன? கட்டணம் வாங்கும்போதே சொல்லிவிட வேண்டாமா?

அன்று செய்த சோப்பை அன்றே தேய்க்கவும் முடியாது. ஒரு நாள் கழித்துத் துண்டு போட்டு, காற்றுப் படும்படி நாலு முதல் ஆறு வாரம் வரை உலர வைக்க வேண்டும். அதற்குள் ஈரம் வற்றிச் சோப்பு இறுகும். தோலுக்கும் மென்மையாகும். தீபாவளிக் குளியலுக்குச் சொந்தச் சோப்பு வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள், புரட்டாசியிலேயே எண்ணெயை நிறுக்க உட்கார்ந்துவிட வேண்டும்.