நேற்றைய பாணும் கனிந்த வாழைப்பழமும்

கண்டியில் பள்ளிக்கூடங்கள் காலை 7.30 மணிக்குத் தொடங்குகின்றன. நகரத்துக்குள் வரும் வழிகளோ விரல்விட்டு எண்ணக்கூடியவை. பேராதனையிலிருந்து கெட்டம்பே வழியாக வருகிறவர்களும், கட்டுகஸ்தோட்டைப் பாலத்தைக் கடக்கிறவர்களும், திகன, குண்டசாலைப் பக்கமிருந்து வருகிறவர்களும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் வந்து நெருக்குகிறார்கள். மலையும் ஏரியும் இருபுறம் நிற்கையில் தெருவை அகலிக்க இடமில்லை. ஆகவே பிள்ளைகளை ஏற்றும் வான் ஆறு மணியளவிலேயே வாசலுக்கு வந்துவிடுகிறது. அடுப்படி விளக்கு அதற்கு வெகுநேரம் முன்பே எரிகிறது. அந்த விளக்கைப் போடுகிறவர் பெரும்பாலும் ஒரு பெண். ஊதியமில்லாத வீட்டுவேலையில் பெண்கள் செலவிடும் நேரம் ஆண்களுடையதைவிடப் பல மடங்கு என்பதை, தொகைமதிப்புப் புள்ளிவிபரத் திணைக்களம் 2017இல் நடத்திய நேரப் பயன்பாட்டு ஆய்வும் காட்டியது. காலைச் சாப்பாட்டின் பெரும்பகுதி வேலையை முந்தின இரவுக்கு நகர்த்த வேண்டும் என்பதே என் கட்சி. அதற்கு மிகப் பொருத்தமான பண்டம் நம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது: மிஞ்சிய பாண், முட்டை, பால், கனிந்த பழம். இரவில் தட்டில் அடுக்கி ஊறவிட்டுக் காலையில் அவித்தெடுப்பது.

இதை மேல்நாட்டுப் பழக்கம் என்று தள்ளுகிறவர்கள் உண்டு. அமெரிக்க வீடுகளில் இப்படி ஊறவைத்த தட்டைக் காலையில் ‘அவன்’ அடுப்புக்குள் தள்ளுகிறார்கள் என்பதும், பாண் புட்டிங் ஆங்கிலேயருடையது என்பதும் உண்மைதான். ஆனால் இரவை வேலை செய்யவிட்டுக் காலையில் பலனை எடுப்பது நமக்குப் புதிதா? அப்பத்துக்குக் கள்ளோ ஈஸ்ட்டோ விட்டுக் கரைத்த மா இரவெல்லாம் பொங்குகிறது. தோசைக்கு அரைத்ததும் அப்படியே. சிங்கள வீடுகளில் சோற்றை இரவில் நீரூற்றி வைத்து, காலையில் தேங்காய்ப்பாலும் வெங்காயமும் பச்சைமிளகாயும் சேர்த்து ‘தியபத்’ என்று சாப்பிடுகிறார்கள். நம் பழஞ்சோறும் அதன் உடன்பிறப்பு. இவற்றைச் சோம்பேறிச் சமையல் என்று யாரும் சொன்னதில்லை. விடியற்காலையில் எழுந்து புதிதாகச் செய்தால்தான் அது பாசம் என்ற எண்ணத்தைத்தான் நாம் கைவிட வேண்டியிருக்கிறது. அதன் விலையை வீட்டில் ஒருவர் மட்டும் தன் தூக்கத்தால் கட்டுகிறார்.

செய்முறையில் அடிப்படை வட்டிலப்பம்தான். முட்டையும் தேங்காய்ப்பாலும் கித்துள் கருப்பட்டியும் ஏலக்காயும் சாதிக்காயும் கலந்து, ஆவியில் வைத்தால் இறுகும். அந்தக் கலவையைக் குறைந்த இனிப்போடு பாணுக்குள் ஊறவிட்டால் காலைச் சாப்பாடு ஆகிறது. 450 கிராம் பாண் ஒன்றுக்கு நான்கு முட்டை, 600 மில்லிலீற்றர் பால், 60 கிராம் கருப்பட்டி, ஒரு சிட்டிகை உப்பு போதும். பாண் நேற்றையதாக இருப்பது குறையல்ல, நிறை. சுட்ட அன்றைய பாண் பாலில் கரைந்து கூழாகும். ஒருநாள் பழையதில் மாச்சத்து இறுகி ஈரம் குறைந்திருப்பதால், பாலை உள்ளிழுத்தும் துண்டு துண்டாக நிற்கும். மாலையில் சூன் பாண் ஓட்டோவில் வாங்கி மிஞ்சியது மறுநாள் இரவுக்கு இதற்காகவே வந்ததுபோல் உதவும். ‘அவன்’ அடுப்பு இல்லாத வீடுகள்தான் அதிகம். இட்லிச் சட்டியில் இரண்டங்குல உயரத் தட்டை மூடி வைத்தால் முப்பத்தைந்து, நாற்பது நிமிடத்தில் நடுப்பகுதி வரை இறுகிவிடும். அந்த நேரத்தில் யாரும் அடுப்போடு நிற்க வேண்டியதில்லை. குளித்து, உடுத்து, பையைக் கட்டிவிடலாம்.

பழத்தில்தான் கவனம் வேண்டும். அன்னாசியையும் பப்பாசியையும் பச்சையாகப் போடக்கூடாது. அன்னாசியிலுள்ள புரொமலைனும் பப்பாசியிலுள்ள பபைனும் புரதத்தைச் சிதைக்கும் நொதிகள். ஓரிரவு முழுவதும் பாலோடும் முட்டையோடும் கிடந்தால் கலவை கசந்து, அவித்தாலும் சரியாக இறுகாது. பழத்தைச் சில நிமிடம் கொதிக்கவைத்து ஆறவிட்டால் நொதி அடங்கிவிடும். வாழைப்பழத்துக்கு இந்தத் தொல்லை இல்லை. கோழிக்கூடோ ஆனமாலுவோ, தோல் கறுத்துக் கடைக்காரர் விலை குறைத்துத் தருகிற பழமே இதற்குச் சிறந்தது. கனியக் கனிய அதன் மாச்சத்து சர்க்கரையாக மாறுவதால் கருப்பட்டியைக் குறைக்கலாம். பலாச்சுளை பொடியாக நறுக்கிப் போட்டால் மணமே வேறு. வெண்ணெய்ப்பழம் சூடேறினால் கசக்கும். அதை மேசையில் பக்கத்தில் வைத்துச் சாப்பிடுவதோடு நிறுத்துவது நல்லது. இந்த நாட்டில் விளையும் பழத்திலும் காய்கறியிலும் 30 முதல் 40 சதவீதம் வரை அறுவடைக்குப் பின் வீணாகிறது என்று நெடுங்காலமாகக் கணக்குச் சொல்கிறார்கள். அதில் பெரும்பங்கு லொறியிலும் சந்தையிலும் போவது. ஆனால் கண்டிச் சந்தையில் மாலைநேரம் ஒதுக்கிவைக்கும் கனிந்த சீப்புகளுக்கு ஒரு நல்ல வழி வீட்டு அடுப்படியில் உண்டு.

காலையிலேயே இனிப்பா என்பது நியாயமான கேள்வி. 2005–06இல் நடந்த நாடளாவிய ஆய்வே இலங்கையில் வயதுவந்தோரில் ஐந்தில் ஒருவருக்கு நீரிழிவோ அதன் முன்நிலையோ இருப்பதாகக் கண்டது. கித்துள் கருப்பட்டி என்றாலும் சர்க்கரை சர்க்கரைதான். அதற்கு மருத்துவ மகிமை கட்டுவது ஏமாற்று. ஆனால் மேலே சொன்ன அளவை ஆறு பேருக்குப் பகிர்ந்தால் ஆளுக்குப் பத்து கிராம் கருப்பட்டி. உலக சுகாதார நிறுவனம் 2015இல் ஒரு நாளுக்கு விரும்பத்தக்கதெனச் சொன்ன எல்லை, பழத்தின் இயல்பான இனிப்பைச் சேர்க்காமல், ஏறத்தாழ 25 கிராம். பசும்பாலில் செய்தால் ஆளுக்குப் பதின்மூன்று கிராம் அளவு புரதமும் கிடைக்கிறது. அவசரத்தில் பாணில் ஜாம் தடவி அனுப்பும் காலையில் இதில் பாதியும் கிடைக்காது. நாம் ஒப்பிட வேண்டியது இதை அந்தப் பாண்-ஜாமோடு. இடியப்பமும் பருப்பும் சொதியும் வைக்க நேரமிருக்கும் ஞாயிற்றுக்கிழமையோடு அல்ல. நீரிழிவு உள்ளவர் வீட்டில் கருப்பட்டியை முழுக்க விட்டுவிட்டு வாழைப்பழத்தையும் அளவாகப் போடலாம். அவர்களுக்குப் பாணின் அளவும் கவனிக்க வேண்டியதே.

கோதுமை முழுக்க இறக்குமதி, அதை ஏன் மேலும் ஊக்குவிக்க வேண்டும் என்ற எதிர்ப்பு இதைவிடக் கனமானது. 1970களின் பாண் வரிசைகளையும் 2022இன் நெருக்கடியையும் கண்ட நாடு இது. இறக்குமதி மாவில் தங்கியிருப்பது ஆபத்து என்பதில் எனக்கும் இரண்டாவது கருத்து இல்லை. எனினும் நான் கூடுதலாகப் பாண் வாங்கச் சொல்லவில்லை. வெளிநாட்டுப் பணம் கொடுத்து வந்த மா, வீட்டுக்கு வந்தபின் காய்ந்து குப்பைக்குப் போவதைத்தான் தடுக்கச் சொல்கிறேன். முட்டை விலையும் சைவ உணவும் வேறு சிக்கல்கள். வெள்ளிக்கிழமை முட்டை தொடாத வீட்டில் கஸ்டர்ட் மாவு இரண்டு மேசைக்கரண்டி பாலில் கரைத்துச் சேர்த்தால் இறுகும். புரதம் குறையும் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

விட்டுக்கொடுக்க முடியாத நிபந்தனை ஒன்று உண்டு. பச்சை முட்டையும் பாலும் கலந்ததை இரவெல்லாம் மேசைமேல் வைக்கக்கூடாது. கண்டியின் இரவு கொழும்பைவிடக் குளிர்ந்தது என்றாலும் இருபது பாகை செல்சியஸுக்கு அதிகம் குறைவதில்லை. நோய்க்கிருமி பெருக அதுவே தாராளம். 5 பாகைக்குக் கீழே பிரிட்ஜில் இருக்க வேண்டும். பிரிட்ஜ் இல்லாத வீட்டில் இரவில் பாணைக் கிழித்து, கருப்பட்டியைச் சீவிக் கரைத்து வைத்துக்கொண்டு, காலையில் பழத்தை நறுக்கி, முட்டையும் பாலும் அடித்து ஊற்றி, பத்து நிமிடம் ஊறவிட்டு அவிக்கலாம். மென்மை கொஞ்சம் குறையும், வேலை பெரிதாகக் கூடாது. எந்த வீட்டிலும் இரவுப் பகுதிக்கு அடுப்பு வேண்டாம், கைப்பழக்கமும் வேண்டாம். எட்டு வயதுப் பிள்ளை பாணைக் கிழிக்கும். வேலையிலிருந்து வந்த தகப்பன் கருப்பட்டியைச் சீவலாம். காலையில் அடுப்பைப் பற்றவைப்பதும் அவராகவே இருக்கட்டும்.