கீரைக்காரம்மாவும் மருந்துச் சீட்டும்

எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் இருக்கிறார். தினமும் காலையில் கீரைக்காரம்மாவிடம் இரண்டு ரூபாய் குறைக்கச் சொல்லி வாதாடுவார், பெரும்பாலும் வென்றும்விடுவார். அதே மனிதர் மருந்துக்கடையில் கேட்ட தொகையை மறுபேச்சின்றி எண்ணிக் கொடுத்துவிட்டு வருவதை ஒருநாள் பார்த்தேன். விலை குறைந்த மருந்து இருக்கிறதா என்று கேட்கக்கூடாதா என்றேன். "அங்கே போய் அப்படிக் கேட்டால் நன்றாகவா இருக்கும், சார்?" என்றார்.

எங்கள் தலைமுறையின் சிக்கனத்தில் உள்ள கோளாறு முழுவதும் இந்தப் பதிலில் அடங்கியிருப்பதாக எனக்குப் படுகிறது. எளியவரிடம் பேரம் பேச நமக்குக் கூச்சமில்லை. நமக்கு உரியதைக் கேட்கத்தான் கூச்சம்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நாளொன்றுக்கு இரண்டு ரூபாய் என்றால் ஆண்டுக்கு 730 ரூபாய். பெரும்பாலான வங்கிகள் 60 வயது நிறைந்தவர்களின் வைப்புத்தொகைக்கு அரை சதவீதம் கூடுதல் வட்டி தருகின்றன. ஐந்து லட்ச ரூபாய்க்கு அது ஆண்டுக்கு 2,500 ரூபாய். வைப்பைப் புதுப்பிக்கும்போது ஒரு வார்த்தை விசாரிப்பது மட்டுமே இதற்கான உழைப்பு.

மருந்தும் அப்படித்தான். சர்க்கரை நோய்க்கான மெட்ஃபார்மினும் இரத்த அழுத்தத்துக்கான அம்லோடிபினும் காப்புரிமைக் காலம் என்றோ முடிந்துபோனவை. பல நிறுவனங்கள் பல பெயர்களில் விற்கின்றன. உள்ளிருக்கும் மருந்து ஒன்று, விலை வேறு. மக்கள் மருந்தகங்களிலும், தமிழக அரசு 2025 பிப்ரவரியில் தொடங்கிய முதல்வர் மருந்தகங்களிலும் இத்தகைய மருந்துகள் பொதுப்பெயரில் குறைந்த விலைக்குக் கிடைக்கின்றன. மருந்தின் பொதுப்பெயரை எழுதித் தருமாறு மருத்துவரைக் கேட்பது அவரை அவமதிப்பதாகாது. அவரைக் கேளாமல் நாமாக மாற்றிக்கொள்வதே தவறு. வலிப்பு, தைராய்டு போன்றவற்றுக்கான மருந்துகளில் இந்த எச்சரிக்கை மிக அவசியம்.

சென்னை மாநகரப் பேருந்துகளில் 60 வயது கடந்தவர்களுக்கு மாதம் பத்து இலவசப் பயண டோக்கன்கள் 2016இல் அறிமுகமாயின. அதற்கான வரிசையில் நிற்பதைக் கௌரவக் குறைவாக எண்ணுபவர்களை அறிவேன். ரயிலில் ஆண்களுக்கு 40 சதவீதமும் பெண்களுக்கு 50 சதவீதமுமாக இருந்த மூத்தோர் கட்டணச் சலுகை 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டபோது வருந்தியவர்களில் அவர்களும் உண்டு. சலுகையின் அருமை அது பறிபோன பின்புதான் தெரிகிறது.

கேட்காமலே கிடைக்கும் தள்ளுபடியிடம்தான் உண்மையில் கூச்சப்பட வேண்டும். இருவர் மட்டுமே வசிக்கும் வீட்டில், ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்று வந்து சேர்ந்த எண்ணெய் காறிப்போகும்வரை அலமாரியில் கிடக்கிறது. தேவையற்ற பொருளைப் பாதி விலைக்கு வாங்கினால் மீதிப் பாதி மிச்சமாவதில்லை. கொடுத்த பாதியும் வீண்.

கீரைக்காரம்மாவிடம் பேசுவது வெறும் பேரமல்ல, அது ஓர் உறவு என்று நண்பர்கள் சொல்லக்கூடும். ஒப்புக்கொள்கிறேன். பிள்ளைகள் தொலைவில் இருக்கும் வீட்டுக்கு அவள் குரல்தான் காலையின் முதல் குரல். தாராளமாகப் பேசுங்கள். மழையையும் பேரக்குழந்தைகளையும் பற்றிப் பேசுங்கள். அந்த இரண்டு ரூபாயை மட்டும் அவளிடமே விட்டுவிடுங்கள்.