கொழும்பு விலையும் தோட்டத்து விலையும்

"தோட்டத்தில் என்ன பெரிய செலவு? லயத்துக்கு வாடகை இல்லை, விறகு மலையில் கிடைக்கிறது, கீரை வாசலில் முளைக்கிறது." சம்பளப் பேச்சு எழும்போதெல்லாம் நம் காதில் விழும் வார்த்தை இது. கேட்க நியாயம் போல இருக்கும். மாதச் சாமான் வாங்கி முடித்த ஒரு தாயிடம் கேட்டால்தான் உண்மை தெரியும்.

கொழும்பில் சீனி தீர்ந்தால் தெருமுனைக் கடைக்கு நடந்து போகலாம். அங்கே விலை கூடினால் அடுத்த கடை இருக்கிறது, சதொச இருக்கிறது. நமது டிவிசனில் இருப்பதோ ஒரு கடை, மிஞ்சிப் போனால் இரண்டு. அந்தக் கடைக்காரரும் டவுனில் வாங்கி, ஆட்டோவில் ஏற்றி, குண்டும் குழியுமான ரோட்டில்தான் கொண்டு வருகிறார். அந்தக் கூலியும் விலையில் ஏறிவிடுகிறது. கையில் காசில்லாத நாளில் பற்றுக் கொடுப்பவரும் அவரே என்பதால், அவரை மட்டும் குறை சொல்ல முடியாது. ஆனால் பற்றுக் கொப்பி உள்ள கடையை விட்டு வேறு கடைக்குப் போகவும் முடியாது.

டவுனுக்குப் போனால் மலிவுதானே என்பார்கள். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மாதச் சாமானில் 800 ரூபா மிச்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூட்டையோடு போய்வர ஆட்டோவுக்கு 1,000 ரூபா என்றால், அங்கேயே 200 ரூபா நட்டம். வேலை நாளில் போனால் ஒரு பேரும் போய்விடும். 2024இல் நிர்ணயித்த அடிப்படைச் சம்பளமான 1,350 ரூபாவைச் சேர்த்தால் நட்டம் 1,550 ரூபா. இது உதாரணக் கணக்குதான். தூரத்துக்குத் தக்கபடி கூடும் குறையும். கிளினிக்குக்குப் போனாலும், அடையாள அட்டைக்கு அலைந்தாலும், பிள்ளையை டவுன் பாடசாலைக்கு அனுப்பினாலும் இதே கதைதான். இந்தச் செலவு எந்தக் கடை பில்லிலும் எழுதப்படுவதில்லை.

அரசாங்கக் கணக்கிலும் இது தெரிவதில்லை. பத்திரிகைகளில் அதிகம் பேசப்படும் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண், பெயருக்கேற்றபடி கொழும்பு நகரக் குடும்பங்களின் செலவைக் காட்டுவது. தேசிய நுகர்வோர் விலைச் சுட்டெண் முழு நாட்டுக்கும் ஒரே எண்ணைத் தருகிறது. மாதந்தோறும் நமது தோட்டத்து விலையைத் தனியாகச் சொல்லும் எண் எங்கே?

கொழும்புக் கணக்கின்படியே 2022 செப்டெம்பரில் உணவுப் பொருட்களின் விலை, ஒரு வருடத்துக்கு முன்பிருந்ததைவிட 94.9 சதவீதம் கூடியிருந்தது. ஏறக்குறைய இரு மடங்கு. அப்போது நமது நாட்சம்பளம் 2021இல் நிர்ணயித்த அதே 1,000 ரூபா. 2024 வரை அது அசையவில்லை. அந்த நெருக்கடிக்கு முன்பே, 2019இல் அரசாங்கம் எடுத்த கணக்கெடுப்பில், நகரத்தில் வறுமைக்கோட்டுக்குக் கீழே இருந்தவர்கள் 6 சதவீதம், தோட்டத்தில் 33.8 சதவீதம். செலவில்லாத வாழ்க்கை என்றால், மூன்றில் ஒருவர் ஏன் வறுமையில் இருக்க வேண்டும்?

ஆகவே நாம் கேட்க வேண்டியவை இரண்டு. தோட்டத் துறைக்கெனத் தனி விலைக் கணக்கு வேண்டும். சம்பள நிர்ணய சபையில் அதை வைத்தே பேச வேண்டும். சம்பள வாரத்தில் டிவிசன் வரைக்கும் நடமாடும் சதொச வண்டி வர வேண்டும்.

கேட்பதற்கு நமது கையிலும் ஆதாரம் வேண்டும். பிள்ளையின் பழைய கொப்பி ஒன்று போதும். அரிசி, கோதுமை மா, சீனி, பருப்பு, தேங்காய், எண்ணெய், பால்மா, கருவாடு, சவர்க்காரம் ஆகியவற்றை என்ன விலைக்கு வாங்கினீர்கள், எங்கே வாங்கினீர்கள், போய்வர எவ்வளவு செலவு, எத்தனை பேர் இழந்தீர்கள் என்று ஒரு மாதம் எழுதுங்கள். எழுதத் தெரியாதவர்களுக்குப் பிள்ளைகள் எழுதிக் கொடுக்கட்டும். அதைத் தோட்டத் தலைவரிடம் கொடுங்கள்.

அடுத்த பேச்சுவார்த்தையில் "தோட்டத்தில் என்ன செலவு?" என்று யாராவது கேட்டால், அந்தக் கொப்பிகளை மேசையில் வைப்போம்.