தூய்மைப் பணியில் வேலையளிப்பவர் யார்?

ஒரே தெருவைக் கூட்டும் இருவரில் ஒருவர் மாநகராட்சியின் நிரந்தரப் பணியாளர். மற்றவர் ஒப்பந்ததாரரின் ஆள். முன்னவருக்குக் காலமுறை ஊதியமும் பணிப் பாதுகாப்பும் உண்டு. பின்னவருக்குக் குறைந்த கூலி. நாளை வேலை உண்டா என்பதும் தெரியாது. இந்த வேறுபாடு திறமையால் விளைந்ததன்று. வேலையளிப்பவர் யார் என்ற கேள்விக்குச் சட்டம் தரும் விடையால் விளைந்தது. அந்தக் குறைந்த கூலியைப் பெறுவோருள் பெரும்பான்மையினர் தலித்துகள் என்பதால் இதை வெறும் பொருளாதாரச் சிக்கலாக நாம் காண இயலாது.

2001இல் ஸ்டீல் அதாரிட்டி வழக்கில் உச்ச நீதிமன்றம், ஒப்பந்த முறை தடைசெய்யப்பட்டாலும் தொழிலாளர் தாமாகவே முதன்மை வேலையளிப்பவரின் பணியாளராகிவிட மாட்டார் எனத் தீர்ப்பளித்தது. ஒப்பந்தம் வெறும் போர்வை என மெய்ப்பிக்கத் தீர்ப்பாயத்தில் ஆண்டுக்கணக்கில் வழக்காட வேண்டியுள்ளது.

தென்னாப்பிரிக்கா வேறு விடையைத் தேர்ந்தது. 2015இல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி, குறைந்த வருவாய் பெறும் தொழிலாளரை ஆள்வழங்கு நிறுவனம் மூன்று மாதத்திற்கு மேல் ஓரிடத்தில் பணியமர்த்தினால், வேலை வாங்குபவரே வேலையளிப்பவர். 2018இல் அந்நாட்டு அரசமைப்பு நீதிமன்றம் இதை உறுதி செய்தது. எனினும் உலகின் மிகக் கடுமையான வருமான ஏற்றத்தாழ்வு அங்கே நீடிக்கிறது. ஆள்வழங்கலைத் தொடும் அப்பிரிவு, ஒரு பணியையே முழுமையாக வெளியாரிடம் ஒப்படைப்பதைத் தொடுவதில்லை. சட்டம் ஒரு வாயிலை அடைத்தால் மூலதனம் மறு வாயிலைத் தேடும் என்பதே நாம் கற்க வேண்டிய பாடம்.

இந்தியாவின் 2020ஆம் ஆண்டுத் தொழிற்பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் மையப் பணிகளில் ஒப்பந்த முறையைத் தடுக்கிறது. ஆனால் துப்புரவை மையப் பணியன்று என்கிறது. அவ்விலக்கு, துப்புரவுக்காக அமைக்கப்படாத நிறுவனங்களுக்கே பொருந்தும். அரசமைப்பின் 12ஆம் அட்டவணையோ பொதுச் சுகாதாரத்தையும் திடக்கழிவு மேலாண்மையையும் நகராட்சிகளின் பணிகளாக வரிசைப்படுத்துகிறது. ஆகவே, மாநகராட்சிக்குத் தூய்மையே மையப் பணி என்பது நமது வாதம்.

ஆனால், வழக்கமாக ஒப்பந்ததாரர் வழியே நடைபெறும் பணிக்கு 57ஆம் பிரிவு விலக்களிக்கிறது. இன்று தனியாரிடம் ஒப்படைக்கப்படும் ஒவ்வொரு மண்டலமும் நாளை அந்த ‘வழக்கத்திற்கு’ச் சான்றாகிவிடும். 2025 ஆகஸ்டில் ரிப்பன் மாளிகை முன் தனியார்மயத்தை எதிர்த்து அமர்ந்த ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலத் தொழிலாளர்களின் போராட்டத்தை இக்கோணத்திலும் படிக்க வேண்டும். ஒரு பணி மையப் பணியா என முடிவு செய்யுமாறு அரசிடம் விண்ணப்பிக்கும் உரிமையைப் பாதிக்கப்பட்டோருக்கு அதே பிரிவு வழங்குகிறது. வழக்கம் சட்டமாக இறுகுமுன் தொழிற்சங்கங்கள் அவ்விண்ணப்பத்தை அளிக்க வேண்டும்.