கிணற்றுத் தண்ணீரும் பள்ளிக்கூடச் சட்டையும்



வீடுகளுக்குப் போகும்போது இப்போது அடிக்கடி ஒரு முறைப்பாடு கேட்கிறேன். "மெஷினில் போட்டால் வெள்ளை உடுப்பு பழுத்துப் போகுது, கறுப்பு உடுப்பில் வெள்ளைத் திட்டு நிற்குது, துவாய் பலகை மாதிரி விறைக்குது." வெளிநாட்டிலுள்ள தம்பியோ மச்சாளோ காசு அனுப்பி வாங்கிய மெஷின் அது. குறை சொல்லவும் மனம் வராது. அதனால் தூளைக் கூட்டிப் போடுகிறார்கள், பிறகு தூளை மாற்றிப் பார்க்கிறார்கள். காசுதான் கரைகிறது.

தென்மராட்சியில் ஒரு அக்கா இருக்கிறார். ஷெல் காயத்தில் ஒரு கையை இழந்தவர். ஈர உடுப்பின் ஒரு நுனியைத் தூணில் கட்டிவிட்டு, மறு நுனியை ஒற்றைக் கையால் முறுக்கித்தான் இவ்வளவு காலமும் பிழிந்தார். மெஷின் வந்ததும் "உனக்கென்ன, சொகுசு" என்று அயலில் பேச்சு. போதாததற்கு மகள் பழுத்த சட்டையோடு போய்ப் பாடசாலையில் ஏச்சு வாங்கி வந்தாள். அக்கா மெஷினைத் துணியால் மூடிவிட்டுத் திரும்பவும் கிணற்றடிக்கே போய்விட்டார். நாங்கள் நிரப்புகிற உதவிப் படிவங்களில் உடுப்புத் தோய்க்கும் நேரத்துக்கு ஒரு கட்டம்கூடக் கிடையாது என்பதையும் இங்கே சொல்லி வைக்கிறேன்.

அங்கே பிழை தண்ணீரில்தான் இருந்தது. எங்கள் குடாநாடு சுண்ணக்கல்லின் மேல் இருக்கிறது. மழைத் தண்ணீர் அந்தக் கல்லுக்குள்ளால் இறங்கும்போது கல்சியத்தைக் கரைத்துக்கொண்டு கிணற்றுக்கு வருகிறது. கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படிவது அதுதான். சவர்க்காரம் இந்தத் தண்ணீரில் நுரைப்பதற்குப் பதிலாகத் திரிந்து பிசுக்காகித் துணியில் ஒட்டுகிறது. சலவைத் தூள் சவர்க்காரத்தைவிடத் தாங்கும், ஆனால் அதிலும் ஒரு பங்கு வீண்தான். அதற்காக அள்ளிக் கொட்டினால் அலசி முடியாமல் தூளே துணியில் தங்கிவிடும். கறுப்பு உடுப்பின் வெள்ளைத் திட்டு பெரும்பாலும் அப்படி வந்ததே.

1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் சவர்க்காரம் யானை விலை விற்றபோது, எங்கள் அம்மாமார் பனம்பழம் பிசைந்து உடுப்புத் தோய்த்தார்கள். கொடியில் காய்கிற சட்டையை மாடு வந்து சப்புமாம்! எந்த வீட்டுக் கிணற்றில் நுரை வரும், எதில் வராது என்பது என் அம்மாவுக்கு அப்போது மனப்பாடம். மெஷின் வந்த பிறகு நாங்கள் தண்ணீரைப் பார்க்க மறந்துவிட்டோம்.

உங்கள் கிணற்றைச் சோதிக்கச் செலவில்லை. ஒரே மாதிரி இரண்டு போத்தல் எடுங்கள். ஒன்றில் கிணற்றுத் தண்ணீர், மற்றதில் மழைத் தண்ணீர், அரைப் போத்தல் அளவு. இரண்டிலும் கட்டிச் சவர்க்காரத்தைச் சமமாகச் சீவிப் போட்டு நன்றாகக் குலுக்குங்கள். மழைத் தண்ணீரில் நுரை பொங்கும். கிணற்றுத் தண்ணீர் பால்போலக் கலங்கி, மேலே பிசுக்கு மிதந்தால் அது வன்மை கூடிய தண்ணீர்.

அப்படியானால் சலவைச் சோடா வாங்குங்கள். தொட்டிக்கு இரண்டு மேசைக்கரண்டி போதும். வாளித் தண்ணீரில் கரைத்து முதலில் ஊற்றி, பிறகு தூளைப் போடுங்கள். தூளையும் கரைத்தே ஊற்றுவது நல்லது. பட்டு, கம்பளிக்குச் சோடா வேண்டாம். விறைத்த துவாய்க்குக் கடைசி அலசலில் அரைக் கோப்பை வினாகிரி விடுங்கள், பிசுக்குக் கழன்றுவிடும். ஆனால் வினாகிரியையும் குளோரின் வெளிற்றியையும் ஒருபோதும் கலக்காதீர்கள். நச்சு வாயு கிளம்பும்.

வாளியில் காவி படிகிற கிணறு என்றால் அதில் இரும்பு இருக்கிறது. அந்தத் தண்ணீரில் குளோரின் விட்டால் வெள்ளைச் சட்டை இன்னும் மஞ்சளாகும். விழுந்த துருக்கறையில் தேசிக்காய்ப் புளியும் உப்பும் தேய்த்து, வெயிலில் வைத்து அலசுங்கள். வலிகாமத்துச் செம்பாட்டு மண் பட்டால் ஈரத்தோடு தேய்க்கக் கூடாது. காயவிட்டு உதறி, பச்சைத் தண்ணீரில் அலசிய பிறகே தோய்க்க வேண்டும்.

அக்காவின் மெஷினில் தண்ணீர் ஏறுவதும் மந்தமாக இருந்தது. பிளக்கைக் கழற்றி, தண்ணீர்க் குழாயை மூடிவிட்டு, பின்னால் பூட்டியிருந்த குழாயைக் கழற்றினோம். உள்ளே இருந்த சின்ன வலையில் மணலும் சுண்ணாம்பும் அடைத்துக் கிடந்தன. பழைய பல் பிரஷ்ஷால் தேய்க்கப் பத்து நிமிடமும் ஆகவில்லை. மகளின் சட்டை மூன்றாம் தோய்ச்சலில் தெளிந்தது. புதுச் சட்டையின் வெள்ளை என்று சொல்லமாட்டேன், பாடசாலைக்குப் போகக் காணும்.

மாரி மழையில் கூரைத் தண்ணீரைப் பிடித்து வைத்தால் வெள்ளை உடுப்புக்கு அதைவிட நல்ல தண்ணீர் இல்லை. தாளையடியில் 2024 ஓகஸ்டில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் திறந்தார்கள். குழாய்த் தண்ணீர் வந்த வீட்டுக்காரர் அதையும் அதே போத்தலில் குலுக்கிப் பாருங்கள்.

தோய்த்து முடிந்ததும் மெஷின் மூடியை உடனே சாத்தாதீர்கள். உள்ளே காற்றுப் பட்டால் அந்தப் புழுங்கல் மணம் வராது.